யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறும்வரை மரம் வெட்டியோ செம்பனைக் குலை சுமந்தோ களைத்து, வீடு திரும்பியதும் அடுப்பைப் பற்றவைக்கும் நம் மக்களுக்கு இந்த மருந்து மிகவும் தேவை. ஆகவே, மாலையில் அரைமணி நேரம் தொலைக்காட்சி முன் அமர்ந்து நகைச்சுவைத் தொடர் பார்ப்பதை வீண்பொழுது என்று கண்டிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவளல்ல நான். நானும் பார்க்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் மருந்து என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது தாய்மார்களின் உரிமை அல்லவா? எல்லாச் சிரிப்பும் ஒரே சரக்கில் செய்ததல்ல. ஒரு தொடரைப் பார்த்து முடித்ததும் நெஞ்சு இலேசாகிறது. இன்னொன்றைப் பார்த்தால் சிரித்துவிட்டு ஏதோ உறுத்துகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? வகுப்பறையில் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தே காலம் கழிப்பவள் என்ற முறையில், எனக்குத் தோன்றியதை வாசகர்முன் வைக்கிறேன்.

சிரிப்பு வீட்டுக்குள் வந்த கதை

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. அதற்குமுன் தோட்டத்து மக்கள் படம் பார்க்கவேண்டுமென்றால், திடலில் வெள்ளைத் திரை கட்டவேண்டும். இல்லையேல் பட்டணத்துக்குப் பஸ் ஏறவேண்டும். தொலைக்காட்சி வந்த பிறகும், மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பேட்டரியை வைத்துத்தான் பெட்டியை ஓட்டினார்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் வரிசை வீடு முழுவதும் அந்த வீட்டு வாசலில்தான். பெரியவர்கள் நாற்காலியில், பெண்கள் பாயில், பிள்ளைகள் தரையில் என்று கூடிச் சிரித்த காலம் அது.

இன்று ஆளுக்கொரு கைப்பேசி. அப்பா கூடத்தில் ஒன்றைப் பார்த்துச் சிரிக்கிறார். பையன் அறையில் வேறொன்றைப் பார்த்துச் சிரிக்கிறான். பழைய தொடர்களும் பழைய படக் காட்சிகளும் துண்டு துண்டாகக் கைக்கே வந்துவிடுகின்றன. கூடியிருந்து சிரித்தபோது, “இதிலே என்ன சிரிப்பு?” என்று கேட்க ஒரு பாட்டி இருந்தார். இப்போது கேட்பார் இல்லை.

பாட்டி இல்லாத இடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. பல தொடர்களில் நடிகர் பேசி முடித்ததும் பின்னாலே கொல்லென்று ஒரு கூட்டம் சிரிக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? சில தொடர்களில் அது உண்மையாகவே அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் சிரிப்பு. வேறு பலவற்றில் பதிவு செய்து வைத்த சிரிப்பு! 1950-களில் சார்லஸ் டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் இதற்கென்றே ஒரு பெட்டி செய்தார். தட்டச்சு இயந்திரம்போல் அதில் விசைகள். ஒன்றை அழுத்தினால் புன்சிரிப்பு, மற்றொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. எங்கே சிரிக்கவேண்டும் என்பதை நமக்காக வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். பிள்ளைகள் அந்த ஒலியைக் கேட்டே சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

மிட்டாய் ஆலையில் லூசி

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்கத் தொடர் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பானது. லூசில் பால் என்ற அம்மையார் லூசியாக நடித்தார். உண்மை வாழ்க்கையில் அவருடைய கணவரான டெசி ஆர்னாஸே தொடரிலும் கணவர். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் இன்று பார்த்தாலும் சாயம் வெளுக்கவில்லை.

1952-இல் வந்த ஒரு பகுதியை நம் தாய்மார்கள் அவசியம் பார்க்கவேண்டும். வீட்டு வேலை கடினமா, சம்பாதிப்பது கடினமா என்று கணவன் மனைவிக்குள் வாக்குவாதம். சரி, மாற்றிச் செய்து பார்ப்போம் என்று ஆண்கள் சமையலறைக்குள் நுழைகிறார்கள். அரிசியின் அளவு தெரியாமல் கொட்டிவிட, சோறு பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. பெண்கள் இருவரும் மிட்டாய் ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் பட்டையில் மிட்டாய் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி வைக்கவேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வைக்காரி மிரட்டிவிட்டுப் போகிறாள்.

பட்டை வேகமெடுக்கிறது. கை ஓடவில்லை. தப்பும் மிட்டாய்களை வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து பார்க்கிறாள். பட்டை காலி. “நன்றாகச் செய்கிறீர்கள்” என்று பாராட்டிவிட்டு, இன்னும் வேகமாக ஓடவிடச் சொல்கிறாள்!

இதைப் பார்த்துச் சிரிக்காதவர் உண்டா? ஆனால் நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கும் சிரிப்பில் சற்றுக் கூடுதல் பொருள் இருக்கிறது. நிரை பிடித்து வெட்டியவர்களுக்கும், தோட்டத்தை விட்டு மின்னியல் தொழிற்சாலைக்குப் போன பெண்களுக்கும் இந்தக் கதை தெரியும். கொடுத்த கணக்கை முடித்துக் காட்டினால் மறுநாள் கணக்கு ஏறிவிடும். இங்கே நாம் லூசியைக் கேலி செய்யவில்லை. லூசியாகவே நின்று சிரிக்கிறோம். நம் பாட்டையே வேறொருவர் பட்டுக் காட்டும்போது பாரம் குறைகிறது. இது நல்ல மருந்து.

மொழி தெரியாதவர்கள் வகுப்பு

அடுத்தது, ஆசிரியை என்ற முறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த தொடர். ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ என்ற பிரிட்டிஷ் தொடர் 1977-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கியது. லண்டனில் வெளிநாட்டவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு. பிரவுன் என்ற இளம் ஆசிரியர். இத்தாலிக்காரர், கிரேக்கர், ஜெர்மானியப் பெண், பிரெஞ்சுப் பெண், ஜப்பானியர், சீனப் பெண், பாகிஸ்தானியர், சீக்கியர் என்று பல நாட்டு மாணவர்கள். நம் நாட்டிலும் இதை விரும்பிப் பார்த்தவர்கள் ஏராளம். இன்றும் கைப்பேசியில் உலா வருகிறது.

இதில் வரும் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ், இலங்கையில் மலைநாட்டுக் கம்பளையில் 1937-இல் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. தேயிலைச் சீமையில் பிறந்த ஒருவர் லண்டனில் தலைப்பாகை கட்டி உலகைச் சிரிக்க வைத்தார்.

தொடரின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லவேண்டும். அந்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். சமையற்காரர், வீட்டு வேலை செய்யும் பெண் என்று பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறார்கள். ஆசிரியர் பிரவுன் பொறுமைசாலி. மாணவர் தவறு செய்தால் அவருக்கு வியர்க்குமே தவிர, அவர் எள்ளி நகையாடுவதில்லை. ஒருவரோடொருவர் சண்டை போடும் அந்த மாணவர்கள், ஆசிரியருக்கு ஓர் இக்கட்டு என்றால் ஒன்றுகூடி விடுகிறார்கள். இந்த அன்பு இல்லாவிட்டால் தொடர் இவ்வளவு நாள் நிலைத்திராது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரே முத்திரை. ஜப்பானியர் என்றால் குனிந்துகொண்டே இருக்கவேண்டும். சீனப் பெண் என்றால் மாவோவின் சிவப்புப் புத்தகம் கையில் இருக்கவேண்டும். நம் இந்தியத் துணைக்கண்டத்து அம்மாள் ஒருவர் வருகிறார். ஆங்கிலம் தெரியாமல் விழித்தபடி பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பதே அவர் பங்கு. அந்த அம்மாளுக்கும் தம் மொழியில் தாலாட்டும் விடுகதையும் தெரிந்திருக்கும் அல்லவா? தொடரை எழுதியவர்க்கு அது தேவைப்படவில்லை. 1979-இல் தொடர் நிறுத்தப்பட்டது. இப்படி மக்களை ஒரே அச்சில் வார்த்துக் காட்டுவது புண்படுத்தும் என்று தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரேட் கருதியதே காரணம். 1986-இல் மீண்டும் சில காலம் எடுத்தார்கள்.

“டீச்சர், வேடிக்கைக்குத்தானே! இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்வதா?” என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன்.

வாய் மூடிய பிள்ளை

அவன் தோட்டப் பள்ளியில் என் வகுப்பில் படித்தவன். கேள்வி கேட்டு முடிக்குமுன் கை தூக்குவான். ஆறாம் ஆண்டு முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே ஆங்கிலப் பாடத்தில் ஒரு கேள்விக்கு எழுந்து விடை சொன்னான். விடை சரி. ஆனால் மீன் என்பதற்கான ஆங்கிலச் சொல் அவன் நாவில் ‘பிஷ்’ என்று வந்துவிட்டது. தமிழ் நாவுக்கு அந்த ஒலி பழக்கமில்லை. அது குற்றமும் இல்லை. வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றுமுதல் அவனுக்குப் பெயரே ‘பிஷ்’ ஆகிவிட்டது.

சில மாதங்களுக்குப் பின் அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். “டீச்சர், பையன் வீட்டிலேயே பேசமாட்டேங்கிறான். என்ன கேட்டாலும் தலையை ஆட்டுறான். ஸ்கூல்லேயும் வாயே தெறக்குறதில்லையாம்” என்றார். அந்தத் தாயின் கண்ணீரை மறக்க முடியவில்லை. சிரித்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். பேச்சில் ஒலி பிசகினால் சிரிக்கவேண்டும் என்று எங்கோ கற்றுக்கொண்டவர்கள். அவ்வளவுதான்.

அவனைச் சனிக்கிழமைகளில் வரச்சொல்லி, கண்ணாடி முன் நிற்கவைத்து, மேற்பல் கீழுதட்டைத் தொட அந்த ஒலியைப் பழக்கினோம். இரண்டு வாரத்தில் ஒலி வந்துவிட்டது. கை தூக்கும் துணிவு திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆனது. வேடிக்கைக்குத்தான், ஆனால் அந்த வேடிக்கைக்கு அவன் கொடுத்த விலை ஓராண்டு.

பிற நாட்டார் செய்தால் மட்டும் பழி சொல்லி, நம் வீட்டைப் பார்க்காமல் இருப்பது முறையல்ல. நம் தமிழ்ப் படங்களிலும் கறுத்தவர், பருத்தவர், திக்கிப் பேசுபவர், காது கேளாதவர் ஆகியோரை நிறுத்திவைத்து அடிக்கும் கேலி கொஞ்சமா? படம் முடிந்ததும் அந்த வசனத்தை நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கிறார்கள். திரையில் நடிகருக்குச் சம்பளம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு என்ன உண்டு?

அடுக்குமாடியில் அனைவரும்

நம் நாட்டுத் தொடர் ஒன்றையும் சொல்லவேண்டும். தொலைக்காட்சி 3-இல் ‘பி மாய் பி மாய் தாங் து’ 1985 முதல் 2002 வரை பதினேழு ஆண்டுகள் ஓடியது. இயக்கியவர் ஒத்மான் ஹஃப்ஷாம். தலைப்பு கெடா பக்கத்து மலாய்ப் பேச்சு. எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்பது என்று பொருள் கொள்ளலாம். ஓர் அடுக்குமாடியில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் அண்டை வீட்டார். நம் அன்றாடச் சச்சரவுகளே கதை.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது, யாருக்கும் தனி மேடை இல்லை என்பதே. அசடு வழிவது இன்று ஒருவர் முறை என்றால் நாளை இன்னொருவர் முறை. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன நம் குடும்பங்கள் எத்தனையோ! பழகாத அண்டை வீட்டாரோடு எப்படிப் பழகுவது என்று திகைத்தவர்களுக்கு, ‘அவர்களும் நம்மைப்போல்தான் தடுமாறுகிறார்கள்’ என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். எல்லாரும் மாறிமாறி விழுகிற இடத்தில் சிரிப்பு யாரையும் சுடாது.

தோட்ட முதலாளியும் கூடாரம் போட்டவனும்

இனி நம் எல்லாருக்கும் பிடித்த படத்துக்கு வருவோம். ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கி இரண்டே மாதம் கழித்து! ஈஸ்ட்மென் வண்ணத்தில், தொடக்கம் முதல் முடிவுவரை சிரிப்பும் பாட்டுமாக எடுத்த படம். ஸ்ரீதரோடு சேர்ந்து கதை வசனத்தில் பங்கேற்றவர் கோபு. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாடல்கள். இந்தியிலும் தெலுங்கிலும் மீண்டும் எடுத்தார்கள். கதாநாயகனாக இப்படத்தில் அறிமுகமான ரவிச்சந்திரன் நம் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை.

கதை நடக்கும் இடம் எது? ஒரு தோட்டம்! சின்னமலைத் தோட்ட முதலாளி விஸ்வநாதனாகப் பாலையா. அங்கே வேலை பார்க்கும் இளைஞன் அசோக், முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட தகராறில் வேலையை இழக்கிறான். அழுதுகொண்டு ஊர் போகவில்லை. முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்துகொள்கிறான். வேலை வேண்டும் என்று பாட்டாகவே பாடுகிறான். அதிலும் முதலாளியைப் பேர் சொல்லி! துரை வரும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற நம் தாத்தாக்களுக்கு அந்தப் பாட்டு எப்படி இனித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டே அங்கே போராட்டம்.

பிறகு அதே அசோக், தான் பெரும் பணக்காரர் வீட்டுப் பிள்ளை என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான். நண்பன் வாசு (முத்துராமன்) நரைத்த முடி ஒட்டி அந்தப் பணக்காரத் தந்தையாக வேடமிட்டு வருகிறான். நேற்று விரட்டியடித்த முதலாளி இன்று வாயெல்லாம் பல்லாக வரவேற்கிறார். பையன் அதே பையன்தான். மாறியது அவன் பின்னால் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் மட்டும்! இங்கே நாம் சிரிப்பது யாரைப் பார்த்து? ஏழையைப் பார்த்தல்ல. பணத்துக்கு முன் வளைகிற முதுகைப் பார்த்து. படத்தின் உயிர் இதுதான் என்பது என் கருத்து.

“பெரியவரைப் பொய் சொல்லி ஏமாற்றுவது பிள்ளைகளுக்கு நல்ல பாடமா?” என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பொய்யைப் படம் சுகமாக விடவில்லை. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் தேவைப்பட்டு, வேடம் போட்டவர்கள் படும் பாடுதான் பின்பாதிக் கதை. அதோடு, பேராசை இல்லாதவரிடம் அந்தப் பொய் விலைபோயிருக்காது என்பதையும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லலாம். குறை இல்லாத படமல்ல இது. காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் அழகும் பாட்டும் கிடைத்த அளவுக்கு நகைச்சுவை கிடைக்கவில்லை. சிரிக்க வைக்கும் பொறுப்பையெல்லாம் ஆண்களே எடுத்துக்கொண்டார்கள். லூசியைப் பார்த்தபின் இந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாகேஷைச் சொல்லாமல் முடித்தால் வாசகர் என்னை மன்னிக்கமாட்டார்கள். முதலாளியின் மகன் செல்லப்பா. படம் எடுக்கும் பித்து. கம்பெனிக்குப் பெயர் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’. அப்பாவிடம் ஒரு திகில் கதை சொல்கிறானே, அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது? பெரிய அரங்கமைப்பு இல்லை, அடிதடி இல்லை. ஒருவர் குரலாலும் கையாலும் கதை சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். பாலையாவின் முகம் மெல்ல மெல்ல வெளிறுவதில்தான் பாதிச் சிரிப்பு. இதே பாலையா 1936-இல் ‘சதி லீலாவதி’யில் வில்லனாகத் திரைக்கு வந்தவர், அதன் கதாநாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகத் துன்பப்படுபவன். வில்லனாகப் பேரெடுத்த அந்த மனிதர், தம்மைத் தாமே அசடாக்கிக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தார். யாருடைய நிறத்தையும், உடலையும், பேச்சையும் பழிக்காமல் அத்தனை ஆண்டு கழித்தும் ஒரு காட்சி நிற்கிறது என்றால், பழித்தால்தான் சிரிப்பு வரும் என்பவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா?

வீட்டில் செய்யக்கூடியது

தாய்மார்களே, கைப்பேசியைப் பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. பிடுங்கினால் வேறோர் இடத்தில் பார்ப்பார்கள். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையோடு கூட உட்கார்ந்து பாருங்கள். ‘மைண்ட் யுவர் லேங்குவேஜ்’ என்றாலும் பாருங்கள், தடை வேண்டாம். பிள்ளை சிரிக்கும்போது சிரியுங்கள். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த இடத்தில் நீ இருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்குமா?”

இந்தக் கேள்வியை என் வகுப்பில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். லூசியின் மிட்டாய்க் காட்சிக்கு, “வரும் டீச்சர், நானும் வாயில போட்டுக்குவேன்” என்று கத்துகிறார்கள். திகில் கதைக் காட்சிக்கு, நாகேஷாக இருக்கப் பாதிப் பேர், பாலையாவாக இருக்கப் பாதிப் பேர். மொழி தெரியாமல் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்த அம்மாளின் இடத்தில் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது வகுப்பு அமைதியானது. பிறகு ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள்: “எங்க பாட்டி மாதிரி இருக்காங்க டீச்சர்.”

அதன்பின் அந்த வகுப்பில், ஒலி பிசகி வாசித்த பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் அதட்டவும் இல்லை.